கோபுரம் எதற்கு?

கேள்வி: பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கும் என் மகன் அந்த ஊர் கவுண்டி நீதிமன்றத்தின் படத்தை அனுப்பியிருந்தான். கோட்டை மாதிரி இருக்கிறதே, கோபுரம் வெறும் அலங்காரமா?

பதில்: எனக்குப் பிடித்த கட்டடத்தைக் கேட்டுவிட்டீர்கள்! அது அலெகேனி கவுண்டி நீதிமன்றம். பழையது 1882-ல் எரிந்துபோக, ஹென்றி ஹாப்சன் ரிச்சர்ட்சன் புதிதாக வரைந்தார். சொரசொரப்பான கிரானைட், அரைவட்ட வளைவுகள். கோட்டைக் களை அதனால்தான். 1888-ல் வேலை முடிந்தபோது பார்க்க அவர் இல்லை. 1886-லேயே, 47 வயதில், இறந்துவிட்டார்.

சரி, கோபுரத்துக்கு வருவோம். அன்றைய பிட்ஸ்பர்க் நிலக்கரிப் புகையில் மூழ்கிய ஊர். அதனால் முன்கோபுரத்தின் உச்சியிலிருந்து காற்றை உள்ளே இழுத்தார்கள். கெட்ட காற்று பின்பக்கக் கோபுரங்கள் வழியே வெளியேறியது. நீதிபதிக்கு மூக்கு கோபுர உயரத்தில் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வாசல் ஏன் அவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று மகனிடம் கேளுங்கள். பின்னாளில் கிராண்ட் தெருவை வெட்டித் தாழ்த்தினார்கள். தரைக்குக் கீழே இருந்த தளம் தெருமட்டத்துக்கு வந்துவிட்டது. இன்று உள்ளே நுழைவது அது வழியாகத்தான். அப்புறம், பக்கத்துத் தெருவுக்கு மேலே மூடிய கல்பாலம் ஒன்று உண்டு. கைதிகளைச் சிறையிலிருந்து அழைத்துவந்த வழி. வெனிஸில் உள்ளதன் நினைவாக அதையும் பெருமூச்சுப் பாலம் என்கிறார்கள்.