தையல் கேள்வி பதில்: சுருண்ட இடுப்புப்பட்டியும் சிதறிய மணிகளும்

கேள்வி: ஒரு வருடமாக அரபு நாட்டுப் பெல்லி நடனம் பழகி வருகிறேன். வகுப்பின் ஆண்டிறுதி நிகழ்ச்சிக்கான ஆடையை நானே தைக்க எண்ணி, புறக்கோட்டை கெய்சர் வீதியில் சிபோன் துணியும் மணித்தொங்கலும் வாங்கினேன். பக்ரம் வைத்துத் தைத்த இடுப்புப்பட்டி ஒத்திகையின் பாதியிலேயே சுருண்டு கீழே இறங்கிவிட்டது. ஒரு நூல் அறுந்ததும் முன்பக்கத்து மணிகள் முழுவதும் தரையில் கொட்டின. வட்டப் பாவாடைக்கு எவ்வளவு துணி தேவை என்பதும் விளங்கவில்லை. போதாக்குறைக்கு, வயிறு தெரிவதை மாமி விரும்பவில்லை. வழி சொல்லுங்கள், அக்கா.
வாசகி ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் தையலில் பிழை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, பிழை பட்டியின் உள்ளே இருக்கிறது. பக்ரம் பசையிட்டு விறைப்பாக்கப்பட்ட துணி. கொழும்பின் புழுக்கத்தில் அரை மணி நேரம் ஆடினால் வியர்வை ஊறி, அந்த விறைப்பு முழுவதும் போய்விடும். அதற்குப் பதிலாக, பழைய டெனிம் காற்சட்டை ஒன்றை வெட்டி, இரண்டு மடிப்பு டெனிமுக்கு நடுவே சட்டைக் கொலருக்கு வைக்கும் தடித்த கன்வஸை வைத்து, 1 சென்ரிமீற்றர் இடைவெளியில் வரிவரியாக மெஷின் தையல் போடுங்கள். மேலே தெரியப்போகும் மினுங்கும் துணிக்குச் செலவழிக்கும் நேரத்தைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். மணிகளின் கனத்தைத் தாங்கப்போவது இதுதான்.

பட்டியை நேரான நாடாவாக வெட்டியிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இடுப்பெலும்புக்குக் கீழே உடல் கவிழ்த்த கூடைபோல விரிந்து செல்வதால், பட்டியின் மேல்விளிம்பு சிறியதாகவும் கீழ்விளிம்பு பெரியதாகவும் இருக்க வேண்டும். செய்தித்தாள் ஒன்றை இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்து, மேல்விளிம்பில் தாள் உடலை விட்டு விலகி நிற்கும் இடங்களை மடித்து ஒட்டிய பின் கழற்றி விரித்துப் பாருங்கள். வளைந்த வடிவம் தானாகவே கிடைக்கும். அதை முன், பின் என இரு துண்டுகளாக வெட்டி, ஒரு பக்கத்தை நிரந்தரமாக மூட்டி, மறுபக்கத்தில் 5 சென்ரிமீற்றர் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விட்டு, காற்சட்டைக்கு வைக்கும் பெரிய கொழுக்கிகளை இரண்டு வரிசையாகத் தையுங்கள். பிளவுஸ் கொழுக்கி இந்த இழுவைக்கு நிற்காது.

ஆடையின் மேற்பாகமான பிராவுக்கும் இதே நியாயந்தான். கடினமான கிண்ணமுள்ள பிரா ஒன்றை வாங்கி, அதன் இலாஸ்ரிக் தோள்நாடாக்களையும் முதுகுப்பட்டியையும் வெட்டி நீக்கிவிட்டு, நீளாத பருத்தி நாடாவை இரட்டையாக வைத்துத் தையுங்கள். மணிகளின் பாரம் ஏறும்போது இலாஸ்ரிக் நீண்டுகொண்டே போகும்.

இனி, சிதறிய மணிகள். பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசியில் கோர்த்த மாலையில் நூல் அறுந்தால் எல்லாப் பூவும் விழும். கட்டிய சரத்தில் அறுந்த இடத்துப் பூ மட்டுமே விழும். மணித்தொங்கலின் தலைநாடாவைப் பட்டியில் வைத்து, தேன்மெழுகில் இழுத்த இரட்டைப் பொலியெஸ்ரர் நூலால் கையாலேயே, ஒவ்வொரு குத்துக்கும் ஊசியைச் சற்றுப் பின்னே கொண்டுபோய்க் குத்தும் பின்தையல் போட்டு, ஒவ்வொரு 5 சென்ரிமீற்றரிலும் முடிச்சிட்டுச் செல்லுங்கள். பசையை நம்ப வேண்டாம். ஒருமுறை நேரமில்லாமல் சம்கிகளைப் பசையால் ஒட்டி மேடையேறிய நான், ஆடி முடித்த பின் விளக்குமாறு கேட்டு வாங்க வேண்டியதாயிற்று.

பாவாடைக் கணக்கு எளிது. இடுப்புக்குக் கீழே ஆக அகன்ற இடத்தின் சுற்றளவை 6.28 ஆல் வகுத்தால் நடுவில் வெட்ட வேண்டிய வட்டத்தின் ஆரை கிடைக்கும். சுற்றளவு 94 சென்ரிமீற்றர் என்றால் ஆரை 15. பாவாடையின் நீளம் 92, மடிப்புக்கு 1 என்று கூட்டினால் மொத்தம் 108. ஆகவே 112 சென்ரிமீற்றர் அகலத் துணியில் இரண்டு அரைவட்டங்கள் வெட்ட, ஒவ்வொன்றுக்கும் 2.16 மீற்றராக, நாலரை மீற்றர் போதும். மூட்டுத்தையலுக்காக வட்டத்தின் மையத்தைத் துணியின் ஓரத்திலிருந்து 1.5 சென்ரிமீற்றர் உள்ளே குறியுங்கள். அலுமாரியில் உடுத்தாமல் கிடக்கும் சிபோன் சேலை இதே அகலமுள்ளதாக இருந்தால், அதன் ஐந்தரை மீற்றர் நீளத்தில் பாவாடை முடிந்து துண்டும் மிஞ்சும். சேலையின் கரை மட்டும் பாவாடையின் கீழ்விளிம்பைச் சுற்றி வராது. வெட்டித் தைத்த பாவாடையைக் கீழ்விளிம்பு மடிப்பதற்கு முன் ஒரு நாள் முழுவதும் தொங்கவிடுங்கள். குறுக்கு வாட்டில் வெட்டுப்பட்ட இடங்கள் கீழிறங்கி, விளிம்பு ஏற்றத்தாழ்வாகும். அதைத் தரையிலிருந்து அளந்து சமப்படுத்திய பிறகே மடிக்க வேண்டும்.

மாமியின் கவலைக்கு வருகிறேன். அரபு மொழியில் 'பெட்லா' எனப்படும் இந்தப் பிரா, பட்டி, பாவாடைத் தொகுதி கிராமத்துப் பழைய உடை அன்று. 1926 இல் கெய்ரோவில் அரங்கு திறந்த நடனக்காரி பதியா மசப்னி போன்றோரின் மேடைகளில் பரவிய உடை. எகிப்தில் 1950களில் வயிற்றை மூட வேண்டுமென்று விதி வந்தபோது, நடனக்காரிகள் மெல்லிய வலைத்துணியால் மூடிக்கொண்டு ஆடினார்கள். நீங்களும் அப்படிச் செய்யலாம். இல்லையெனில், கணுக்கால்வரை தொங்கும் நீண்ட அங்கியின் மேல் இடுப்பில் சால்வை கட்டி ஆடும் பலடி உடையைத் தைக்கலாம். மாமிக்கு அதுவே பிடிக்கும், உங்களுக்கும் வேலை பாதியாகும். வலைத்துணிதான் வேண்டுமென்றால், நாற்புறமும் நீளக்கூடியதைத் தேர்ந்து, பிராவின் கீழ்விளிம்பிலும் பட்டியின் உட்புறத்திலும் சிறு அழுத்துப் பொத்தான்களால் பொருத்துங்கள். அப்போது அதை மட்டும் கழற்றித் துவைக்கலாம். அளவெடுக்கும்போது நிமிர்ந்து நிற்காமல், பின்னோக்கி வளைந்து நின்று எடுங்கள். நிமிர்ந்து நின்று எடுத்த அளவு முதல் வளைவிலேயே பொத்தான்களைப் பிய்த்துவிடும்.