வலிப்பு வரும் காட்சியை எப்படி எழுதுவது?

கேள்வி: வலிப்பு நோயுள்ள பத்தாம் வகுப்பு மாணவியை வைத்து இளையோர் நாவல் எழுதுகிறேன். அவளே கதை சொல்கிறாள். அவள் அம்மா நோயை வெளியில் மறைக்கிறாள். வகுப்பறையில் வலிப்பு வரும் காட்சி சரியாக அமையவில்லை.
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அவள் வாயால் சொல்வதில்தான் சிக்கல். உடல் முழுதும் வெட்டி இழுக்கும் வலிப்பில் நினைவு தப்பிவிடும். அந்த நிமிடங்கள் அவளிடம் இருக்காது. கரும்பலகை தெரிந்தது, அடுத்து மின்விசிறி தெரிகிறது என்று வெட்டுங்கள். நாக்கின் ஓரம் கடிபட்ட வலி, அசதி, நனைந்த சீருடை, குனிந்து பார்க்கும் முகங்கள். நடந்ததை இவற்றிலிருந்து அவள் ஊகிக்கட்டும். அந்த நனைந்த துணிதான் அவளுக்குப் பெரிய அவமானம். தயவுசெய்து அதை விட்டுவிடாதீர்கள்.

யாராவது சாவிக்கொத்தைக் கையில் திணிப்பார்கள். பெரும்பாலான வலிப்பு ஓரிரு நிமிடத்தில் தானே அடங்கிவிடும். ஆனால் வலிப்பை நிறுத்திய பெயர் சாவியின் இரும்புக்குப் போய்ச் சேரும். விவரம் தெரிந்த தோழி ஒருத்தி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்கவிடாமல், கடிகாரத்தைப் பார்க்கட்டும். 5 நிமிடம் தாண்டினால் 108.

வலிப்பைத் தூண்டக் காதல் அதிர்ச்சி வேண்டாம். தேர்வுக்குக் கண்விழித்த இரவும் தவறிய மாத்திரையும் போதும்.

அம்மா நோயை மறைப்பது கல்யாணத்தை நினைத்து. இந்து திருமணச் சட்டம் திருமணத்துக்குத் தடையாகச் சொன்ன காரணங்களிலிருந்து வலிப்பு நோய் 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது என்பதை ஒரு பாத்திரமாவது அவளிடம் சொல்லட்டும்.