ஷ்வேடகோன் போகிறீர்களா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மியான்மரின் யாங்கோன் (பழைய ரங்கூன்) நகரிலுள்ள ஷ்வேடகோன் பகோடாவில், அதாவது அந்தப் பௌத்த ஸ்தூபிக் கோயிலில், புத்தரின் தலைமுடி இருக்கிறதாமே, அதைக் கண்ணால் பார்க்க முடியுமா? – வாசகர், காரைக்குடி

பதில்: பார்க்க முடியாது. தபுசா, பல்லிகா என்ற இரு வணிகர்கள் புத்தரிடம் பெற்று வந்த எட்டு முடிகள் ஸ்தூபிக்குள் இருப்பதாக மரபு. கௌதம புத்தருக்கு முன்பும் புத்தர்கள் வந்ததாகப் பௌத்தர்கள் நம்புகிறார்கள்; அவர்களில் மூவரின் கைத்தடி, நீர் வடிகட்டி, அங்கித் துண்டு ஆகியவையும் அங்கேதான் என்பார்கள். நம் கோயில்போல உள்ளே போய்க் கும்பிட மூலஸ்தானம் கிடையாது. வெளியே சுற்றி வருவதுதான் தரிசனம்.

முடியைத் தரிசிக்க விரும்பினால் அதே ஊரில் ஆற்றங்கரையிலுள்ள போட்டடாங் பகோடாவுக்குப் போங்கள். 1943 நவம்பர் 8 அன்று குண்டுவீச்சில் அது தரைமட்டமானது. இடிபாட்டை அகற்றியபோது கிடைத்த பேழைக்குள் ஒரு முடி இருந்தது. திரும்பக் கட்டும்போது உள்ளே நடந்து போகும்படி கட்டினார்கள். பொன் வேய்ந்த சுவர்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய்த் தரிசிக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நாள் ஒதுக்குங்கள்.

கேள்வி: வயதான அம்மாவை அழைத்துப் போகிறோம். எந்த வாசல் வசதி? எந்த நேரம்?

பதில்: நான்கு திசையிலும் கூரை வேய்ந்த படிக்கட்டு உண்டு. படியேற முடியாதவர்களுக்குத் தெற்கு வாசலில் லிஃப்ட் இருக்கிறது. செருப்பு மட்டுமல்ல, காலுறையும் கூடாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வேறு வாசல் வழியாக இறங்கித் தவிப்பவர்கள் நிறைய. பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். மேல்தளம் முழுக்கப் பளிங்கு. நண்பகலில் கொதிக்கும்; அப்போது விரித்திருக்கும் பாயை விட்டு இறங்கவே முடியாது. அதிகாலையில் போங்கள், அல்லது மாலை நான்கு மணிக்கு மேல். தோளும் முழங்காலும் மூடியிருக்கட்டும். உட்காரும்போது சிலைப் பக்கம் கால் நீட்டாதீர்கள்.

கேள்வி: பிறந்த கிழமைக்கு நீர் ஊற்றுவது எப்படி?

பதில்: ஸ்தூபியைச் சுற்றி ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு புத்தர் சிலையும் விலங்குச் சின்னமும் உண்டு; அவரவர் பிறந்த கிழமைக்குரிய சிலைக்கு நீர் ஊற்றுவார்கள். நட்சத்திரம் தெரிந்தால் போதாது, பிறந்த கிழமை வேண்டும். புதன் என்றால் முற்பகலா பிற்பகலா என்பதும் வேண்டும். பிற்பகல் ராகுவுக்கு உரியது. கிளம்புமுன் பழைய பஞ்சாங்கத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

தெற்கு வழியாக ஏறினால் எதிரிலேயே புதன் முற்பகல், தந்தமுள்ள யானை. அங்கிருந்து இடப்புறம் திரும்பி, ஸ்தூபி வலக்கைப் பக்கம் இருக்க நடங்கள். தென்மேற்கில் சனி, நாகம். மேற்கில் வியாழன், எலி. வடமேற்கில் ராகு, தந்தமில்லாத யானை. வடக்கில் வெள்ளி, கினிப்பன்றி. வடகிழக்கில் ஞாயிறு, கருடன். கிழக்கில் திங்கள், புலி. தென்கிழக்கில் செவ்வாய், சிங்கம். நம் நவக்கிரக மூலைகளோடு ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம், சின்னத்தைப் பார்த்தாலே போதும். அங்குள்ள கிண்ணத்தால் புத்தர் சிலைமீது நிதானமாக ஊற்றுங்கள். வயதுக்கு ஒன்று கூட்டி ஊற்றுபவர்கள் பலர்.

அண்ணாந்து பார்த்தால் உச்சிக் குடைக்குக் கீழே பருத்த பகுதி தெரியும். பர்மியர் அதற்கு வைத்த பெயர் வாழைப்பூ. மடல் மூடிய நம் வாழைப்பூவேதான். உச்சியில் 76 காரட் வைரம். இருட்டி விளக்கு போட்ட பிறகு, தளத்தில் சில இடங்களில் நின்று ஓரிரு அடி நகர்ந்தால் அது சிவப்பாகவும் பச்சையாகவும் மின்னும். அதையும் அம்மாவுக்குக் காட்டுங்கள்.