நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை

வணக்கம் ரீச்சர்,

கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். மகன் தரம் இரண்டு. வாசிப்பான், ஆனால் எழுதச் சொன்னால் பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பான். ‘எனது பூனை’ பற்றி ஐந்து வசனம் கேட்டால், ‘எனது பூனை நல்ல பூனை’ என்று எழுதிவிட்டு எழும்பிவிடுவான். போதாததற்கு, தங்கச்சி பிறந்ததிலிருந்து எதற்கெடுத்தாலும் கோபம், கை நீட்டுகிறான். படப் புத்தகம் வாசித்தால் எழுத்தும் வரும், குணமும் மாறும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு, புத்தகக் கண்காட்சியில் கொஞ்சம் வாங்கினேன். சிறுவர் எழுத்தாளர் சிபில் வெத்தசிங்கவின் ‘குட ஹொரா’ (குடைக் கள்ளன்) எனக்குச் சிங்களத்தில்தான் கிடைத்தது. படத்தைக் காட்டி நானே தமிழில் சொன்னேன். ரசித்துக் கேட்டான். கடைசியில் “இதிலயிருந்து என்ன படிச்சாய்?” என்றேன். “களவெடுக்கக் கூடாது” என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். அவ்வளவுதானா? என்ன பயிற்சி கொடுக்கலாம்? ஏழு வயதுக்குப் படப் புத்தகம் சரிவராதா?

(பெயர் போட வேண்டாம்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் மகன் கெட்டிக்காரன். அம்மா என்ன பதிலை எதிர்பார்க்கிறார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டு விளையாடப் போய்விட்டான். பிழை கேள்வியில்தான்.

அந்தப் புத்தகம் 1956இல் வந்தது. வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடையையே கண்டிராத ஒரு கிராமம். மழைக்கு வாழையிலையும் சாக்கும்தான். கிரி மாமா பட்டணம் போய் ஒரு குடை வாங்கி வருகிறார். ஊர்க் கடையில் கோப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தால் குடையைக் காணோம். திரும்பப் போய் வாங்குகிறார், திரும்பவும் காணோம். கடைசியில் ஒரு குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே போய்ப் பார்த்தால் எல்லாக் குடையும் மரத்தில் தொங்குகின்றன. எல்லாவற்றையும் எடுக்கிறார், ஒன்றைத் தவிர. அதைக் கள்ளனுக்கு விட்டுவிட்டு வந்து, ஊரில் குடைக்கடை போடுகிறார். கள்ளன் ஒரு குரங்கு.

இதில் ‘களவெடுக்கக் கூடாது’ எங்கே இருக்கிறது? கள்ளனுக்குத் தண்டனை இல்லை, பரிசுதான். கடை வந்ததே கள்ளனால். அடுத்த முறை ஒன்றே ஒன்று கேளுங்கள்: “ஏன் ஒரு குடையை விட்டிட்டு வந்தவர்?” ஒரு பிள்ளை, “பாவம், அதுவும் நனையும்தானே” என்று சொல்லும். இன்னொன்று, “இல்லாட்டி திரும்பக் கடையில வந்து களவெடுக்கும்” என்று சொல்லும். இரண்டும் நல்ல பதில். இரண்டாவதுதான் எனக்கு இன்னும் பிடிக்கும். இரண்டு பிள்ளைகளுமே இன்னொருவர் மனதுக்குள் புகுந்து பார்த்திருக்கிறார்கள். உணர்வுகளைக் கற்பிப்பது என்று பெரிதாகச் சொல்லப்படுவது இதுதான். அப்புறம் முதல் குடை போனபோது மாமாவின் முகத்தைப் பாருங்கள், அடுத்தது போனபோது பாருங்கள். நடந்தது ஒன்றுதான், ஆனால் மனசு ஒன்றா? முதலில் திகைப்பு, பிறகு எரிச்சல், அதற்குப் பிறகு ஊரார் என்ன சொல்வார்களோ என்ற வெட்கம்கூட இருக்கலாம். வீட்டில் நாம் எல்லாவற்றுக்கும் கோபம் என்ற ஒரே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். உங்கள் மகனுக்குள்ளும் கோபம் மட்டும் இருக்காது.

ஆனால் அவன் சின்னவளுக்கு அடித்த கையோடு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு போய் உட்காராதீர்கள். தேனில் குழைத்த மருந்தைப் பிள்ளைகள் மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அடித்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதற்குப் புத்தகம் தேவையில்லை. வாசிப்பது சின்னவள் தூங்கிய பிறகு, அவனும் நீங்களும் மட்டும். அந்த நேரம் அவனுக்கே என்பதுதான் பாதி வைத்தியம். கிரி மாமாவைப் பற்றிப் பேசுங்கள், அவனைப் பற்றிப் பேசாதீர்கள். அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். சிங்களப் புத்தகத்துக்கு நீங்கள் உங்கள் வாயால் தமிழ் சொன்னதைக் குறைபோல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்தில் ஆகச் சிறந்த விஷயம். படம் ஒன்று, சொல் யாருடையதாகவும் இருக்கலாம் என்பதை அவன் கண்ணால் பார்த்திருக்கிறான். இனி அவன் முறை.

பாட் ஹட்சின்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் 1968இல் ‘ரோசிஸ் வோக்’ (Rosie's Walk) என்று ஒரு படப் புத்தகம் செய்தார். ஒரு கோழி உலாவப் போய், குளத்தைச் சுற்றி, வைக்கோற்போரின் மேலேறி, வீடு திரும்புகிறது. ஆங்கிலத்தில் மொத்தம் 32 சொற்கள், ஒரே வசனம். பின்னாலேயே ஒரு நரி வருகிறது. பக்கத்துக்குப் பக்கம் குளத்தில் விழுகிறது, வைக்கோலில் புதைகிறது, தேனீக்கள் துரத்த ஓடுகிறது. எழுத்தில் நரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எந்த வகுப்பில் காட்டினாலும் பிள்ளைகள் “நரி! நரி!” என்று கத்துவார்கள். கத்தி முடிந்ததும் ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்து, “நரி இப்ப மனசுக்குள்ள என்ன சொல்லுது? எழுது” என்றால் போதும். படத்தில் இருப்பதையே எழுதச் சொன்னால் பிள்ளைக்கு அலுப்பு வரும். அதுதான் எல்லாருக்கும் தெரிகிறதே! புத்தகம் சொல்லாமல் விட்டது தனக்குத் தெரியும் என்றால் எழுதுவதற்கு அவனிடம் ஏதோ இருக்கிறது. ‘எனது பூனை நல்ல பூனை’ என்பதற்கு மேல் அவன் எழுதாததற்குக் காரணம் சோம்பல் அல்ல. யாருக்குமே தெரியாத எதையும் அவனிடம் அந்தத் தலைப்பு கேட்கவில்லை. (தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சைக்குக் கட்டுரை பாடமாக்கும் பழக்கம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிப்போம்.)

முதல் சில வாரம் அவன் சொல்ல நீங்களே எழுதுங்கள், அவன் சொன்னபடியே. “குரங்கு குடைய எடுத்துக்கொண்டு ஓடிட்டுது” என்றால் அப்படியே. ‘ஓடிவிட்டது’ என்று திருத்த வேண்டாம். தன் பேச்சு எழுத்தானதைப் பார்த்த பிள்ளை பென்சிலைக் கேட்டு வாங்கும். ர, ற வித்தியாசத்தைச் சொல்வதெழுதுதலில் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு இரண்டு ஏ4 தாளை நடுவில் மடித்து நூலால் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம். முதல் பக்கம் அட்டை. படம் கீறட்டும், பக்கத்துக்கு ஒரு வசனம் போதும். ஒன்றை மட்டும் காட்டிக் கொடுங்கள்: வலப்பக்கத்தை ‘கதவைத் திறந்தால்...’ என்று பாதியில் விட்டு, தாளைத் திருப்பிய பிறகு மீதியைச் சொல்வது. இதைப் பிடித்துக்கொண்டால் விடமாட்டான்.

முடிவை மாற்றி எழுதுவதும் நல்ல வழி. வெத்தசிங்க அம்மையாரே தொண்ணூறு வயதைத் தாண்டிய பிறகு ஒரு கதையின் முடிவைப் பிள்ளைகளிடம் விட்டார். அவர்கள் எழுதிய 1,250 முடிவுகளோடு அது 2020இல் கின்னஸ் சாதனையானது. ஒரே கதைக்கு அத்தனை முடிவுகள் என்று மகனிடம் சொல்லிப் பாருங்கள். தானும் ஒன்று எழுத முடியாதா என்று கேட்பான்.

ஏழு வயது பிந்திய வயது இல்லை. எழுத்துக்கூட்டும் சிரமம் குறைந்து, கண் படத்தின் மூலை முடுக்கெல்லாம் போகிற வயது இதுதான். ஆனால் இனிப் பணத்தைக் கொட்டி வாங்காதீர்கள். பிரதம் புக்ஸ் என்ற இந்தியப் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையத்தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாக இருக்கின்றன, அச்செடுக்கலாம். தமிழ்நாட்டுத் தமிழாக இருந்தால் வாசிக்கும்போதே நம் பேச்சுக்கு மாற்றிவிடுங்கள். விகாரமகாதேவி பூங்காவுக்குப் பக்கத்தில் பொது நூலகம் இருக்கிறது. சிறுவர் பகுதிக்குக் கூட்டிப் போய் அவனையே எடுக்க விடுங்கள். போகிற நேரமெல்லாம் அதே புத்தகத்தையே எடுத்தாலும் வாயைத் திறக்காதீர்கள்.

அன்புடன்,
ரீச்சர்