ஸ்டோன்ஹெஞ்ச்: கான்கிரீட்டும் புல்லும் (கடிதம்)

வணக்கம்.

சென்ற மாதம் இங்கிலாந்தின் பழைய கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச் போயிருந்தேன். உண்மையைச் சொன்னால் ஏமாற்றம்தான். கற்களுக்கு இரண்டு கிலோமீட்டருக்கு அப்பாலேயே இறக்கிவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் கூட்டிப்போகிறார்கள். போய்ச் சேர்ந்தால் சுற்றிலும் வெறும் புல். 2.7 கோடி பவுண்டு செலவில் இடத்தைச் சீரமைத்தார்களாம். எதைச் சீரமைத்தார்கள் என்றே எனக்குப் புரியவில்லை. திரும்பி வந்து இணையத்தில் தேடினால், இருபதாம் நூற்றாண்டில் கற்களைக் கிரேனால் தூக்கிக் கான்கிரீட் போட்டு நிறுத்தும் படங்கள் கிடைக்கின்றன. அப்படியென்றால் நான் பார்த்தது நாலாயிரத்தைந்நூறு வருடப் பழசா, அறுபது வருடப் பழசா? அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் என்ற புராதனச் சமாதி மேட்டையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்கல் சுவரோடு எவ்வளவு கம்பீரமாக எடுத்துக் கட்டியிருக்கிறார்கள்! ஸ்டோன்ஹெஞ்சையும் அப்படி முழுசாகக் கட்டிவிட்டால் என்ன?

எம்.

அன்புள்ள எம்.,

கான்கிரீட்டை முதலில் முடித்துவிடுவோம். படங்கள் உண்மையானவைதான். 1797இல் நடுவிலிருந்த மாபெரும் கல்வாசல்களில் ஒன்று சரிந்தது. 1900ஆம் ஆண்டின் கடைசி நாளில் வெளிவட்டத்துக் கல் ஒன்று விழுந்தது. அடுத்த ஆண்டு வில்லியம் கௌலண்ட், ஆபத்தாகச் சாய்ந்துகொண்டிருந்த மிக உயரமான கல்லை நிமிர்த்தினார். பிறகு முதல் உலகப்போர் முடிந்ததும் சில கற்கள், 1958 முதல் 1964 வரை இன்னும் சில. அடியில் கான்கிரீட் இருக்கிறது, மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் விழுந்த கல்லை அதன் இடத்திலேயே தூக்கி நிறுத்துவது ஒன்று, புதிதாகக் கட்டுவது வேறு. வெளியிலிருந்து ஒரு கல்லும் வரவில்லை. 1797க்கு முன்னால் வரையப்பட்ட படங்களும் நம் கையில் இருக்கின்றன, ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பழுதுபார்ப்பால் ஒரு லாபமும் உண்டு. 1958இல் விரிசல் விட்ட கல் ஒன்றுக்குள் உலோகத் தண்டு செருகத் துளையிட்டார்கள். துளையிலிருந்து வந்த ஒரு மீட்டர் நீளக் கல்லுருளையை, வேலைக்கு வந்திருந்த ராபர்ட் பிலிப்ஸ் என்பவர் ஞாபகார்த்தமாக எடுத்துப்போய், அறுபது வருடம் வைத்திருந்து, 2018இல் திருப்பிக் கொடுத்தார். அதை வேதியியல் ஆய்வுக்கு உட்படுத்தித்தான், சார்சன் எனப்படும் பெரிய கற்களில் மிகப் பெரும்பாலானவை ஏறத்தாழ 25 கி.மீ. வடக்கேயுள்ள வெஸ்ட் வுட்ஸ் பகுதியிலிருந்து வந்தவை என்று 2020இல் சொன்னார்கள்.

முழுசாகக் கட்டலாமே என்கிறீர்கள். எந்தக் காலத்து ஸ்டோன்ஹெஞ்சை? இதைக் கேட்காமல் மேலே போக முடியாது. ஏறத்தாழ கி.மு. 3000இல் அங்கே சார்சன் வட்டமே கிடையாது. நூறு மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டத்தில் ஒரு வட்ட அகழி, வெட்டிய சுண்ணாம்பு மண்ணைக் குவித்த கரை, உள்ளே 56 குழிகள், எரித்த எலும்புகளின் புதைப்பு. ஒரு சுடுகாட்டுக்கு உரிய இடம்தான் அது. ஐந்நூறு வருடம் கழித்து வேறொரு தலைமுறை அதே வட்டத்துக்குள் சார்சன் கற்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. நிற்கும் கல்லின் தலையில் முளை, மேலே கிடத்தும் கல்லின் அடியில் அதற்கேற்ற குழி. இது தச்சு வேலை, கல்தச்சர் யாரும் இப்படிச் செய்யத் தேவையில்லை. மரத்தில் பழகிய கை கல்லுக்கு வந்திருக்கிறது. வேல்ஸிலிருந்து 200 கி.மீ.க்கும் மேல் கடந்து வந்த புளூஸ்டோன் என்கிற சிறிய கற்களையோ, பிடுங்குவதும் வேறு வரிசையில் நடுவதுமாக அடுத்த சில நூற்றாண்டுகள் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கி.மு. 1600 வாக்கில் வெளிவட்டத்தைச் சுற்றி இரண்டு வரிசைக் குழிகள் வெட்டினார்கள். அவற்றில் கல்லே நடப்படவில்லை. பாதியில் கைவிட்ட திட்டம் போலத்தான் தெரிகிறது. ஆக, 'முழுமையான ஸ்டோன்ஹெஞ்ச்' என்ற ஒன்று எந்த நாளிலும் நின்றிருக்குமா என்பதே சந்தேகம். திருத்திக்கொண்டே போன இடம் அது.

நீங்கள் 'வெறும் புல்' என்று எழுதியதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். வெளிவட்டத்தின் தென்மேற்கில் கற்கள் இல்லை. அங்கே எப்போதாவது கற்கள் இருந்தனவா, வட்டத்தை முடிக்காமலே விட்டார்களா என்று நெடுங்காலம் வாதாடிக்கொண்டிருந்தார்கள். 2013 கோடையில் மழை குறைவு. புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிய ரப்பர் குழாய் அந்த மூலை வரை எட்டவில்லை. எட்டாத இடத்தில் புல் காய்ந்தபோது, கல் நின்றிருக்க வேண்டிய இடங்களில் மட்டும் தனித் திட்டுகள் தெரிந்தன. ஒரு காலத்தில் தோண்டிக் கலைத்த மண் ஈரத்தைப் பிடிக்கும் விதமே வேறு. வட்டம் முழுமையாகவே இருந்திருக்கலாம் என்ற தரப்புக்கு இன்று கையிலுள்ள வலுவான ஆதாரம் இந்தக் காய்ந்த புல்தான். அங்கே தளம் போட்டிருந்தால், அல்லது நீங்கள் சொல்வதுபோல் புதுக் கற்களை நட்டிருந்தால், அது போயிருக்கும்.

இனி 2.7 கோடி பவுண்டுக்கு வருகிறேன். நீங்கள் 2013க்கு முன்னால் போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஏ344 என்ற சாலை, வட்டத்துக்கு வெளியே தனியாக நிற்கும் ஹீல் ஸ்டோனை உரசிக்கொண்டு ஓடியது. எதிரே கார் நிறுத்துமிடம், 1968இல் கட்டிய டிக்கெட் கவுண்டர், கடை, சுரங்கப்பாதை. நாடாளுமன்றக் குழு ஒன்றே அதைத் தேசிய அவமானம் என்று சொன்னது. 2013இல் சாலையை மூடித் தாரைப் பெயர்த்துப் புல் விதைத்தார்கள். பழைய கட்டடங்களை இடித்தார்கள். டெண்டன் கார்க்கர் மார்ஷல் என்ற ஆஸ்திரேலியக் கட்டடக்கலை நிறுவனம் வடிவமைத்த புதிய வரவேற்பு மையம், கற்கள் இருக்கும் இடத்திலிருந்து கண்ணில் படாத தூரத்தில் எழுந்தது. குச்சி குச்சியான சாய்ந்த தூண்கள், அலைபோல் நெளியும் மெல்லிய கூரை. தேவைப்பட்டால் நிலத்துக்குப் பெரிய சேதமில்லாமல் கழற்றி எடுத்துவிடலாம். அந்த அடக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது.

சாலை போனதில் அழகைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஏவன் ஆற்றங்கரையிலிருந்து கற்கள் வரை ஏறத்தாழ 2.8 கி.மீ. நீளத்துக்கு இரு பக்கமும் கரையும் பள்ளமுமாக ஒரு பழைய பாதை வருகிறது. 'அவென்யூ' என்பார்கள். அதன் கடைசி அரை கிலோமீட்டர் நேராக, ஆண்டின் மிக நீண்ட பகலன்று சூரியன் உதிக்கும் திசைக்கோட்டில் அமைந்தது. ஏ344 இந்தப் பாதையைத்தான் கற்களிடமிருந்து வெட்டிப் பிரித்திருந்தது. தாரைப் பெயர்த்தபோது அடியில் பாதையின் இரு பள்ளங்களும் அப்படியே கிடைத்தன. 2012இல் வெளியான லேசர் அளவீடு இன்னொன்றைக் காட்டியது: வடகிழக்கை, அதாவது அவென்யூ வந்து சேரும் பக்கத்தைப் பார்த்த கல்முகங்களைத்தான் அதிகம் மெனக்கெட்டுக் கொத்தி மெருகேற்றியிருக்கிறார்கள். அதாவது இந்தக் கட்டடத்துக்கு முகப்பு உண்டு. கோவிலுக்கு ராஜகோபுர வாசல் போல, அவென்யூ வழியாக வருகிறவர்களுக்கு அது தன் முகத்தைக் காட்டியது. சாலையைப் பெயர்த்ததால் அந்த முகப்புக்கு முன்னால் இருந்த தடை நீங்கியது. இது கண்ணுக்குத் தெரியாத சீரமைப்பு, அதனாலேயே நல்ல சீரமைப்பு.

குறையும் சொல்லவேண்டும். புதிய மையம் மேற்கே இருக்கிறது. முகப்பின் வழியைத் திறந்துவிட்டு, வருகிறவர்களைப் பக்கவாட்டில் கொண்டுபோய் பஸ்ஸில் இறக்குகிறார்கள். உங்கள் ஏமாற்றத்தில் பாதி அதனால்தான் என்று நினைக்கிறேன்.

நியூகிரேஞ்ச் பற்றி நமக்குள் ஒத்துப்போகாது. தொல்லியலாளர் மைக்கேல் ஓ'கெல்லி அங்கே 1962 முதல் 1975 வரை அகழ்ந்தார். மேட்டுக்கு முன்னால் சரிந்து கிடந்த வெள்ளைப் படிகக் கற்கள் செங்குத்தான சுவராக நின்றிருக்கும் என்று கணித்தார். அவர் கணிப்பின்படிதான் பின்னால் கான்கிரீட் முட்டுக்கொடுத்து அந்தச் சுவர் எழுப்பப்பட்டது. அந்தக் கான்கிரீட் இல்லாமல் அவ்வளவு செங்குத்தாக நிற்குமா என்ற கேள்விக்கு எனக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை. பக்கத்திலேயே நௌத் மேட்டில் அதே மாதிரிக் கற்கள் கிடைத்தபோது, அங்கே அகழ்ந்த ஜார்ஜ் ஈகன் அவற்றை வாசலுக்கு முன்னால் தரையில் பரப்பியே வைத்தார். ஒரே காலத்து, ஒரே பள்ளத்தாக்கு மேடுகளுக்கு இரண்டு வடிவமைப்புகள். நௌத்தில் கருத்து மாறினால் கற்களை அள்ளிவிடலாம். நியூகிரேஞ்சில் சுவரை இடிக்க வேண்டும். நீங்கள் ரசித்த கம்பீரத்தில் எவ்வளவு கி.மு. 3200, எவ்வளவு 1970கள் என்று பிரித்துச் சொல்லவே முடியாமல் போய்விட்டது.

ஸ்டோன்ஹெஞ்சுக்குத் தெற்கே ஏ303 என்ற நெடுஞ்சாலை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அந்த லாரி இரைச்சலைக் கேட்டிருப்பீர்கள். அதைச் சுரங்கத்துக்குள் அனுப்பும் திட்டத்தை 2024இல் கைவிட்டார்கள். சுரங்க வாய்கள் உலக மரபுரிமை எல்லைக்குள்ளேயே வரவிருந்தன, யுனெஸ்கோவும் எதிர்த்தது. இரைச்சலா, தொடாத நிலத்தில் புது வெட்டா என்றால் நான் இரைச்சலோடு இருந்துகொள்வேன்.

மறுபடி போனால் பஸ்ஸை விட்டுவிட்டுக் கிழக்கே கிங் பாரோ ரிட்ஜ் என்ற மேட்டுப் பக்கமிருந்து நடந்து பாருங்கள். நேஷனல் டிரஸ்ட் என்ற மரபுப் பாதுகாப்பு அமைப்பின் நிலம், நடக்கக் கட்டணம் இல்லை. பள்ளத்தில் இறங்கும்போது கற்கள் மறையும். அவென்யூ திரும்பும் முனையில் திரும்பி மேலேறுங்கள். வேலி வரைக்கும்தான் போகலாம், ஆனாலும் முகப்பு எது என்று சொல்லித்தர ஆள் வேண்டியிருக்காது.