பூண்டு விற்ற பணத்தை டிப்ளமோவில் போடாதீர்கள்

அண்ணே, உங்கள் மெசேஜைப் படித்தேன். பிள்ளை பி.எஸ்சி. நர்சிங் கடைசி வருடம், பிரசவ வார்டு போஸ்டிங்கில் ஒரு ஆய்வு நடந்ததைப் பார்த்துவிட்டு கிளினிக்கல் ரிசர்ச்சுக்குத்தான், அதாவது மருந்தையும் சிகிச்சையையும் நோயாளிகளிடம் பார்த்துப் பதிவு செய்யும் ஆய்வு வேலைக்குத்தான் போவேன் என்கிறாள், நீங்கள் பூண்டு விற்றுச் சேர்த்த ஒன்றரை லட்சத்தைக் கட்டினால் ஆறு மாத டிப்ளமோவும் நூறு சதவீதம் வேலையும் என்று ஒரு நிறுவனம் விடாமல் போன் போடுகிறது, கொடைக்கானல் மலைமேல் பூம்பாறைச் சொந்தபந்தமோ "மனுசங்க மேல மருந்தைச் சோதிச்சுப் பாக்குற வேலையா" என்று முகம் சுளிக்கிறது.

முதலில் பணம். கட்டாதீர்கள். இந்த வேலைக்கு அந்த டிப்ளமோ கட்டாயமே இல்லை. மகப்பேறு ஆய்வு நடத்தும் டாக்டர் தேடுவது பிரசவ வார்டில் கை பழகின, கேஸ் ஷீட்டை ஒழுங்காக எழுதுகிற நர்சை. வார்டையே பார்க்காமல் சான்றிதழை மட்டும் வைத்திருப்பவர்கள் பல பேர் கம்ப்யூட்டரில் தகவல் ஏற்றும் வேலையோடு நின்றுவிடுகிறார்கள்.

சொந்தக்காரர்கள் பயப்படுவதில் நியாயம் இல்லாமல் இல்லை. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் பகுதியிலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசி போட்டுப் பார்த்த திட்டத்தில், பெற்றோரைக் கேட்காமல் விடுதி வார்டன்களே பல பேருக்குக் கையெழுத்துப் போட்டது வெளியே வந்து, 2010-ல் அரசு அதை நிறுத்தியது. இன்று 2019-ம் வருட விதிகள் இருக்கின்றன: புது மருந்துச் சோதனை என்றால் கலந்துகொள்பவர்களின் பாதுகாப்பைப் பார்க்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், விளக்கிச் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும், தீவிர பாதிப்பு வந்தால் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், சோதனையால் வந்த பாதிப்புக்கு இழப்பீடும் உண்டு. விதி காகிதத்தில் இருந்தால் போதாது, அதை வார்டில் நடத்திக் காட்டுகிற ஆள் வேண்டுமே, அந்த ஆள்தான் உங்கள் பிள்ளை.

சொந்தக்காரர்களிடம் நம் மாவட்டக் கதையையும் சொல்லுங்கள். மலைக்குக் கீழே ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கை மருத்துவமனையை மையமாக வைத்து, 2000 முதல் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை நடந்தது. பெரிய மெஷின் ஒன்றும் கிடையாது. நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது கிட்டத்தட்ட வினிகரை, தடவிவிட்டு வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பதுதான், பார்த்ததும் பயிற்சி பெற்ற நர்சுகள்தான். 2007-ல் முடிவு வெளியானபோது, பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்காக வைத்திருந்த மற்ற ஊர்ப் பெண்களுக்கு ஏன் அதைச் செய்யவில்லை என்று பின்னால் கடுமையாகக் கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான், உள்ளே போனால் உங்கள் பிள்ளையும் கேட்கட்டும்.

சரி, வேலை எப்படி இருக்கும்? பிரசவத்துக்குப் பிந்தின ரத்தப்போக்கு பற்றிய ஆய்வு என்று வையுங்கள். குழந்தை பிறந்ததும் தாய்க்கு அடியில் பை வைத்த பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றை விரிப்பார்கள், பையில் மில்லி அளவுக் கோடுகள் இருக்கும், குறித்த நேரத்தில் குனிந்து கோட்டைப் படித்து எழுத வேண்டும். "கொஞ்சம்தான் போச்சு" என்று கண்மதிப்பில் எழுதினால் ஆய்வே வீண். வலி எடுத்துக் கத்திக்கொண்டிருக்கிறவளிடம் பேனாவை நீட்டிச் சம்மதம் கேட்கக்கூடாது, முடிந்தவரை மாதாந்திர செக்கப்புக்கு வரும்போதே உட்காரவைத்து, கூட வந்த மாமியாருக்கும் புரிகிற மாதிரிப் பேசி வைத்திருக்க வேண்டும், அதன்பிறகும் அவள் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். இன்னொரு தலைவலி வளைகாப்பு. ஏழாம் மாசமோ ஒன்பதாம் மாசமோ வளையல் போட்டதும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள், நம்பர் மாறிவிடும், பிரசவம் தேனியிலோ வத்தலக்குண்டிலோ நடந்திருக்கும். அவளைத் தேடிப்பிடித்துத் தாயும் பிள்ளையும் எப்படி இருக்கிறார்கள் என்று பதிவு செய்வதும் இதே வேலைதான். பொறுமை இல்லாதவர்களுக்கு இது ஒத்துவராது.

அதனால் படிப்பு முடிந்ததும் நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்துகொண்டு, ஆய்வு நடக்கிற ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் பிரசவ வார்டில் ஒன்றிரண்டு வருடம் வேலை பார்க்கட்டும். எங்கே நடக்கிறது என்று கண்டுபிடிக்கக் காசு வேண்டாம். சி.டி.ஆர்.ஐ. என்ற மத்திய அரசுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது, 2009 முதல் மருந்துச் சோதனைகளை அதில் பதிவு செய்தே ஆக வேண்டும், தேடினால் ஆஸ்பத்திரி பெயரும் பொறுப்பு டாக்டர் பெயரும் வரும், நேராக அவருக்கே பயோடேட்டா அனுப்பலாம். ஆய்வை ஒழுங்காக நடத்தும் முறையைச் சொல்லித்தரும் ஜி.சி.பி. எனும் அடிப்படைப் பயிற்சியை ஆன்லைனில் இலவசமாக முடித்துச் சான்றிதழ் வாங்கலாம். பிடித்துப்போனால் அப்புறம் மகப்பேறு நர்சிங்கில் எம்.எஸ்சி. படிக்கட்டும், அந்த ஒன்றரை லட்சம் அப்போது உதவும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் ஒப்பந்த வேலை, ப்ராஜெக்ட் முடிந்தால் அடுத்ததைத் தேட வேண்டும். ஆரம்பச் சம்பளம் வார்டு நர்சு வாங்குவதைவிடப் பெரிதாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். கொடைக்கானலில் இருந்துகொண்டு பார்க்கவும் முடியாது, மதுரை, கோவை, வேலூர், சென்னை என்று இறங்கித்தான் ஆக வேண்டும். கல்யாணத்துக்குத் தடையாகுமா என்று கேட்டிருந்தீர்கள். வார்டு நர்சைவிட நைட் ஷிப்ட் பொதுவாகக் குறைவு, மாப்பிள்ளை வீட்டில் அதைச் சொல்லுங்கள், போதும்.

அந்த நிறுவனம் மறுபடி கூப்பிட்டால், போன வருடம் படித்தவர்களை எந்த ஆஸ்பத்திரியில், எந்த ஆய்வில் சேர்த்துவிட்டீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் எனக்கு அனுப்புங்கள், பதிவேட்டில் இருக்கிறதா என்று சேர்ந்தே பார்த்துவிடலாம்.