லீவு பணக்காரர்களுக்கு மட்டுமா?

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசர். இனிப்பு நீரும் (நீரிழிவு) ரத்தக் கொதிப்பும் இருக்கின்றன. மாத்திரையைத் தவறவிடுவதில்லை, காலையில் நடக்கவும் செய்கிறார். ஆனால் கல்யாணம், கருமாதி, தைப்பூசம் தவிர லீவே எடுப்பதில்லை. கேட்டால், “லீவெல்லாம் பணக்காரனுக்கு. உடம்புக்கு மாத்திரை போதும்” என்கிறார். அவர் சொல்வது சரியா?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: சரியில்லை, சகோதரி. மாத்திரை கட்டாயம் வேண்டும், நடையும் வேண்டும். அது மட்டும் போதும் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

பின்லாந்தில் 1,222 ஆண் நிர்வாகிகளை வைத்து 1970களில் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். புகை, கொழுப்பு, ரத்தக் கொதிப்பு, அதிக எடை என்று இதய நோயைக் கொண்டுவரும் ஏதாவது ஒன்று அவர்கள் எல்லாரிடமும் இருந்தது. அவர்களில் பாதிப் பேருக்கு நான்கு மாதத்துக்கு ஒரு தடவை, ஐந்து ஆண்டுகளுக்கு, என்ன சாப்பிட வேண்டும், எப்படி உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு மருந்தும் கொடுத்தார்கள். உங்கள் கணவர் கிளினிக்கில் கேட்டுவரும் அதே அறிவுரைதான். 2004 வரை கணக்கெடுத்தபோது ஒன்று தெரிந்தது. அந்தக் குழுவிலேயே ஆண்டுக்கு மூன்று வாரமோ அதற்குக் குறைவாகவோ விடுமுறை எடுத்தவர்களுக்கு, கூடுதலாக எடுத்தவர்களைவிட இறப்பு அபாயம் 37 சதவீதம் அதிகமாக இருந்தது. அவர்கள் அதிக நேரம் வேலை பார்த்தவர்கள், குறைவாகத் தூங்கியவர்கள். அறிவுரை பெறாத மற்றப் பாதியில் இந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே விடுமுறை ஒன்றே உயிரைக் காத்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் மருந்தும் அறிவுரையும் கிடைத்துவிட்டால் ஓய்வு தேவையில்லை என்று நம்புகிறவர் இதைப் படித்தே ஆகவேண்டும்.

பணக்காரன் என்ற வாதத்துக்கும் பதில் இருக்கிறது. அமெரிக்காவில் இதய நோய் அபாயம் உள்ள 12,000க்கும் மேற்பட்ட ஆண்களை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். ஆண்டுதோறும் விடுமுறை எடுத்தவர்களிடம் இறப்பு, குறிப்பாக இதய நோயால் வரும் இறப்பு, குறைவாக இருந்தது. வருமான வித்தியாசத்தைக் கழித்துப் பார்த்த பிறகும் அது மாறவில்லை.

அப்புறம் சட்டம். மலேசியாவின் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டப்படி, ஒரே முதலாளியிடம் ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ வேலை செய்தவருக்கு ஆண்டுக்குக் குறைந்தது 16 நாள் சம்பளத்தோடு விடுமுறை உண்டு. பொது விடுமுறை தனி, எம்.சி. என்கிற மருத்துவ விடுப்பு தனி. எடுக்காமலே காலம் கடந்தால் அந்த உரிமை காலாவதியாகிவிடும். முதலாளி கேட்டுக்கொண்டு, இவரும் எழுத்தில் சம்மதித்தால்தான் அதற்குப் பதில் பணம். ஆக, லீவு எடுக்காத உங்கள் கணவர் காசைச் சேமிக்கவில்லை. தனக்குச் சேரவேண்டிய சம்பள நாட்களைத் தொழிற்சாலைக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நம் பினாங்குக் கொடிமலையை நினைத்துப் பாருங்கள். மலைரயில் வருவதற்கு முன்பே நோய்வாய்ப்பட்ட வெள்ளைக்கார அதிகாரிகள் குளிர்ந்த காற்றில் உடம்பு தேற அங்கே போவார்கள். கூலிகள் அவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஓய்வு உடம்புக்கு மருந்து என்று துரைமார்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. சுமந்தவனுக்கு மட்டும் அது சோம்பல் என்று ஆகிவிட்டது. அந்த எண்ணம் இன்னும் நம் வீடுகளில் பெருமையாக உலாவுவது எனக்கு வேதனையாக இருக்கிறது. “இருபது வருஷம் ஒரு நாள் லீவு போட்டதில்லை” என்று பிரியாவிடை விருந்தில் கைதட்டுகிறோம். அந்த மனிதரின் ரத்த அழுத்தம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை.

கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் எடுக்கும் லீவை ஓய்வில் சேர்க்காதீர்கள். நெடுஞ்சாலை நெரிசலில் ஜொகூர் வரை ஓட்டி, பந்தியில் பரிமாறி, தூங்காமல் திரும்பி, மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிறவர் முன்பைவிடக் களைத்துத்தான் போகிறார். வேலையின் நெருக்கடி ஓயாதபோது உடம்பில் கார்டிசோல் போன்ற சுரப்புகள் கூடுகின்றன. அவை ரத்தத்தில் சர்க்கரையையும் அழுத்தத்தையும் ஏற்றும். உங்கள் கணவருக்கு இருக்கும் இரண்டு நோய்களுமே இவைதான். வேலையின் நினைப்பு அறவே விலகும் நாட்கள் அவருக்குக் கட்டாயம் வேண்டும். தொழிற்சாலை வாட்ஸ்அப் குழு ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தால் லங்காவிக்குப் போயும் பலனில்லை.

தூரம் போகவேண்டும் என்பதும் இல்லை. ஃபெரியில் ஏறிப் பினாங்குத் தீவுக்கு வந்து தண்ணீர்மலைப் பூங்காவில் காலையில் நடக்கலாம், அங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. தைப்பிங் ஏரிப் பூங்காவில் மழைமரங்களின் கீழ் ஒரு நாள் முழுக்க உட்காரலாம். இன்னொன்றையும் சொல்கிறேன். விடுமுறை தரும் தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில் கரைந்துவிடுகிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை கடன் வாங்கி வெளிநாடு போவதைவிட, அந்த 16 நாளை மூன்று நான்காகப் பிரித்து வருடம் முழுக்க எடுப்பதே நல்லது. மாத்திரையைக் கையோடு எடுத்துப் போகட்டும். விடுமுறைதானே என்று இனிப்பான பால் தேநீரான தே தாரிக்கை அடுக்கடுக்காகக் குடிக்க வேண்டாம்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் கணவரை மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவின் ஃபிராமிங்ஹாம் நகரில் 45 முதல் 64 வயது வரையிலான 749 பெண்களை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. அதில் வீட்டை நிர்வகித்த பெண்களிடம், அரிதாகவே விடுமுறை போனவர்களுக்கு மாரடைப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. உங்களுக்கு லீவு தர முதலாளி இல்லை, 16 நாளைக் கணக்கிட்டுத் தரும் சட்டமும் இல்லை. அதனால் லீவு படிவத்தை அவர் நிரப்பும்போதே, அந்த நாட்களில் சமையல் யார் பொறுப்பு என்பதையும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.